குழந்தைகளுக்கான வேலை: அங்கன்வாடியா, 1098-ஆ, இல்லமா, பிளே ஸ்கூலா?

“குழந்தைகள்னா எனக்கு உயிர். அது சம்பந்தமா ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இது: குழந்தைகளோடு நாள் முழுக்க இருக்க ஆசையா, குழந்தைகளுக்காக ஊர் ஊராக அலையத் தயாரா? கேட்டவர் கொஞ்சம் முழிப்பார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். தமிழ்நாட்டில் இந்தத் துறையில் கிடைக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், இவை எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

அங்கன்வாடி, பிளே ஸ்கூல், கிரெச் எனும் பகல்நேரக் குழந்தைக் காப்பகம், குழந்தைகள் இல்லம் எல்லாம் முதல் வகை. மூக்கைத் துடைத்துவிட வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், ஒரே பாட்டை நாற்பதாவது முறையும் சிரித்துக்கொண்டே பாட வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணின் மையம், தொண்டு நிறுவனங்களின் களப்பணி எல்லாம் இரண்டாம் வகை. இங்கே குழந்தையின் கையைப் பிடித்திருக்கும் நேரத்தைவிடக் குழந்தையின் கோப்பைப் பிடித்திருக்கும் நேரம் அதிகம். காவல் நிலையம், அரசு மருத்துவமனை, ஆதரவு தேவைப்படும் குழந்தையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு, வட்டாட்சியர் அலுவலகம் என்று பொழுது போகும்.

அரசு வேலையா தனியாரா, நிரந்தரமா ஒப்பந்தமா என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நான் பார்த்தவரை, இந்த வேலையைப் பாதியில் விட்டவர்களில் நிறையப் பேர் தங்களுக்கு ஒத்துவராத வகையில் போய் உட்கார்ந்தவர்கள். சம்பளம் அப்புறம்தான் காரணமாக வந்தது.

அங்கன்வாடி

ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் பேச்சு. 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54,439 மையங்கள் இருக்கின்றன. குழந்தைப் பராமரிப்பில் இவ்வளவு பெண்களுக்கு வேலை கொடுக்கும் அமைப்பு மாநிலத்தில் வேறு இல்லை. ஆனால் ஆள் எடுப்பது தொடர்ந்து நடக்கிற காரியம் கிடையாது. சில வருடங்கள் சத்தமே இருக்காது, பிறகு மொத்தமாக வரும். 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பில் 7,783 இடங்கள்: பணியாளர் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர் 305, உதவியாளர் 3,592.

பெண்கள் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். பணியாளர் பதவிக்குப் பிளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35. கணவரை இழந்தவர்கள், ஆதரவற்ற பெண்கள், பட்டியலின, பழங்குடிப் பெண்களுக்கு 40 வரை சலுகை. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, 20 முதல் 40 வயது. எழுத்துத் தேர்வு இல்லை. மையம் இருக்கும் அதே ஊரைச் சேர்ந்தவருக்கு முன்னுரிமை, அவர் இல்லாவிட்டால்தான் பக்கத்து ஊர். இந்த ஒரு விதிதான் அங்கன்வாடி வேலையின் பலமும் பலவீனமும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரசு சார்ந்த வேலை என்பது கிராமத்தில் சாதாரண விஷயமில்லை. அதே சமயம், உங்கள் ஊரில் காலியிடம் இல்லாவிட்டால் மாவட்டம் முழுக்க ஆயிரம் இடம் இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போகப்போகும் பெண் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சம்பளத்தைப் பார்த்தால் முதலில் மனம் சோர்ந்துதான் போகும். அந்த 2025 அறிவிப்பின்படி முதல் பன்னிரண்டு மாதம் தொகுப்பூதியம், அதாவது படிகள் சேராத ஒரே தொகை: பணியாளருக்கு 7,700, குறு மையப் பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100 ரூபாய். அதன் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வந்துவிடுவார்கள்: பணியாளருக்கு 7,700-24,200, குறு மையத்துக்கு 5,700-18,000, உதவியாளருக்கு 4,100-12,500. இந்தக் காலமுறை ஊதியம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை போட்டி. ஆண்டு உயர்வு வரும், அகவிலைப்படி வரும். நாட்டின் பல மாநிலங்களில் இதே வேலைக்கு இன்றும் மதிப்பூதியம் மட்டுமே. மத்திய அரசின் பங்கு 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250 என்று நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் அந்தந்த மாநிலம் போட்டால் உண்டு.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் யார் என்பதில் இழுபறி பல வருடமாக இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-ல், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதாவது முழு அரசு ஊழியரும் இல்லை, வெறும் தொண்டரும் இல்லை. “கவர்மென்ட் வேலை கிடைச்சிருச்சு” என்று ஊரில் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் கடன் வாங்கும்போதும் ஓய்வுக்காலத்தைக் கணக்குப் போடும்போதும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை என்ன? ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டத்தின்படி இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. மதியச் சாப்பாடு, முட்டை. கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு. மாதாமாதம் எடை, உயரம். கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து தடுப்பூசி நாள். எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு முகப்பதிவும் சேர்ந்துவிட்டது. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் ஒரு தாயின் முகத்தைப் போன் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பது தனி அனுபவம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பல இடங்களில் இவர்கள் தலையில்தான் விழுகிறது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை என்று நினைத்து வந்தால், பதிவேடுகளைப் பார்த்து மிரண்டுபோவீர்கள்.

இன்னொன்று. தேர்வு இல்லாத வேலை என்பதால் தரகர்கள் மொய்க்கிறார்கள். “கலெக்டர் ஆபீஸ்ல ஆள் இருக்கு” என்று லட்சக்கணக்கில் கேட்பவருக்குப் பணம் கொடுத்து, வேலையும் வராமல் பணமும் திரும்பாமல் நிற்கும் குடும்பங்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பம் வட்டாரத் திட்ட அலுவலகத்தில் வாங்குவார்கள். வேறு வழி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

என் கருத்து: பிளஸ் டூ முடித்து, 25 வயது தாண்டி, சொந்த ஊரிலேயே இருக்கப்போகிற பெண் என்றால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதற்கு விண்ணப்பியுங்கள். முதல் வருடத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

பிளே ஸ்கூலும் கிரெச்சும்

உடனே வேலை கிடைப்பது இங்கேதான். ஜூன் மாதம் எந்தச் சிறு நகரத்திலும் ‘ஆசிரியை தேவை’ பலகை தொங்கும். ஆனால் சிறு நகரங்களில் பத்தாயிரம் ரூபாயைத் தொடும் பிளே ஸ்கூல் சம்பளம் அரிது. கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டால் பல இடங்களில் பேச்சை மாற்றுவார்கள். பிள்ளை சேர்க்கை குறைந்தால் முதலில் போவது உதவி ஆசிரியைதான்.

இரண்டு பேருக்கு மட்டும் இதைத் தயங்காமல் சொல்வேன். ஒருவர், நாளைக்குத் தானே ஒரு பிளே ஸ்கூல் ஆரம்பிக்க நினைப்பவர். சம்பளத்தோடு தொழில் கற்றுக்கொள்கிற இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொருவர், மாண்டிசோரி முறையில் ஒழுங்கான பயிற்சி எடுக்கத் தயாராக இருப்பவர். மரியா மாண்டிசோரியே 1939-ல் அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தியவர், அதனால் சென்னையில் அந்த முறைக்கு நீண்ட மரபு உண்டு. நல்ல மாண்டிசோரி பள்ளிகள் பயிற்சி பெற்ற ஆசிரியைக்குக் கூடுதலாகக் கொடுக்கும், சுலபத்தில் விடவும் விடாது. ஆனால் மூன்று மாதத்தில் மாண்டிசோரி டிப்ளமோ என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களின் சான்றிதழை அந்தப் பள்ளிகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குப் பதில் இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்வி டிப்ளமோவைப் படிக்கலாம். பிளஸ் டூ போதும், வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

கிரெச் பக்கம் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று சேர்த்தார்கள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகங்களிலும் பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் ஆலைகளிலும் இதனால் வேலைகள் உருவாகியிருக்கின்றன. கைக்குழந்தையைத் தூக்கிப் பழகிய, பொறுமையான ஆட்களை அங்கே தேடுகிறார்கள். சேரும் முன் நீங்கள் கிரெச் நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆளா, அலுவலகத்தின் ஆளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சலுகைகள் அதைப் பொறுத்து மாறும்.

வீட்டோடு தங்கிக் குழந்தை பார்க்கும் ஆயா வேலையும் இருக்கிறது. பெருநகரங்களில் பிளே ஸ்கூலைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் வேலை நேரம், விடுப்பு, வெளியேறும் உரிமை எல்லாம் அந்த வீட்டுக்காரரின் மனதைப் பொறுத்தது. எழுத்தில் எதுவும் இல்லாமல் போகாதீர்கள்.

மாவட்ட அலகும் 1098-உம்

இது இரண்டாம் வகை. சமூகப்பணி, உளவியல், சமூகவியல், சட்டம் படித்தவர்கள் பார்க்க வேண்டிய இடம். ஆண்களுக்கும் வாய்ப்புள்ள இடம்.

2009-10-ல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமாக ஆரம்பித்தது இப்போது ‘மிஷன் வாத்சல்யா’ என்ற பெயரில் நடக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பாதுகாப்பு அலகு. துறைக்காரர்கள் டிசிபியூ என்பார்கள். மாநிலத்தில் இதற்கு மேலே இருப்பது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை, முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்ததுதான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்குத் தொகுப்பூதியம் 44,023 ரூபாய். அவருக்குக் கீழே நிறுவனம் சார்ந்த (இல்லங்களில் நடக்கும்) பராமரிப்புக்கு ஒருவர், நிறுவனம் சாரா (குடும்பச் சூழலில் நடக்கும்) பராமரிப்புக்கு ஒருவர் என இரண்டு பாதுகாப்பு அலுவலர்கள், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் ஒருவர், இவர்களுக்குத் தலா 27,804. ஆற்றுப்படுத்துநர் (குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்பவர்), சமூகப் பணியாளர் இவர்களுக்கு 18,536. கணினி இயக்கும் உதவியாளருக்கு 13,240. ஊர் ஊராகக் களத்தில் சுற்றும் புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592.

புறத்தொடர்புப் பணியாளருக்குப் பிளஸ் டூ போதும். சரி, 10,592 ரூபாய்க்கு மாவட்டம் முழுக்கச் சுற்ற முடியுமா என்று கேட்டால், சொந்தமாக இருசக்கர வாகனம் வைத்திருப்பவருக்குப் பெட்ரோலிலேயே ஒரு பகுதி போய்விடும். அதே பிளஸ் டூ தகுதிக்கு 1098 மையத்தில் வழக்குப் பணியாளர் என்று ஒரு பதவி உண்டு, அறிவிப்புகளில் அதற்கு 18,000. மேற்பார்வையாளருக்குப் பட்டம் வேண்டும், 21,000. பட்டம் பெற்ற சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கும் பிளஸ் டூ படித்த வழக்குப் பணியாளரின் சம்பளத்துக்கும் ஐந்நூற்றுச் சொச்சம்தான் வித்தியாசம் என்பது இந்தத் துறையின் விசித்திரங்களில் ஒன்று. அந்தப் பணம் எதற்கு என்பது வேலையில் சேர்ந்த பிறகு புரியும்: 1098 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. சுழற்சி முறை, ராத்திரிப் பணி, தீபாவளியன்றும் பணி.

1098-க்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு திட்டமாக ஆரம்பித்து, நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் நடத்திய சேவை அது. 2023-ல் அதை அரசே எடுத்துக்கொண்டு 112 அவசர எண்ணோடு இணைத்தது. பல வருடம் அந்தப் போனை எடுத்துப் பேசியவர்கள் புதிய மையங்களுக்குப் புதிதாக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. ஒப்பந்த வேலை என்பதன் அர்த்தம் அதுதான். இன்றைய அறிவிப்புகளிலும் ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்ற வரி தவறாமல் இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகாதீர்கள். பத்து வருடம் பார்த்தாலும் பணி நிரந்தரம் கோர முடியாது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

அறிவிப்புகள் அந்தந்த மாவட்ட இணையதளத்தில், ஆட்சேர்ப்புப் பகுதியில் வரும். பெரும்பாலும் பதினைந்து நாள் அவகாசம்தான், தபாலில் அனுப்ப வேண்டியிருக்கும். உச்ச வயது பெரும்பாலான அறிவிப்புகளில் 42. ஒரே மாவட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் பக்கத்து மாவட்டங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள். காலியாகும் ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக அறிவிப்பு வருவதால், ஒரே ஓர் ஆற்றுப்படுத்துநர் பதவிக்கான அறிவிப்பு பத்திரிகையில் மூலையில் வந்து மறைந்துவிடும்.

வேலையின் ஓட்டத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகை தெரியாமல் வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பேருந்து நிலையத்தில் ஒரு பையன் தனியாக நிற்கிறான் என்று அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்து, பேசி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். இது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் விதி. பிறகு சமூகப் பின்னணி விசாரணை, அதற்குப் பதினைந்து நாள். அவன் வீடு எங்கே, ஏன் ஓடிவந்தான், திருப்பி அனுப்பினால் அடி விழுமா, அம்மா இருக்கிறாரா என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் பையன் வீட்டுக்குப் போவானா இல்லத்துக்குப் போவானா என்று குழு முடிவெடுக்கும். நல்ல அறிக்கை எழுதத் தெரிந்தவர் இந்தத் துறையில் தங்கம். தமிழில் தெளிவாக நான்கு பக்கம் எழுத வராவிட்டால், எவ்வளவு அன்பு இருந்தாலும் இங்கே சிரமம்.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போகும்போது ஊரே எதிர்த்து நிற்கும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் சிறுமியோடு மருத்துவமனை வாசலில் காத்திருக்க வேண்டும், அவளைக் கூட்டிவந்த உறவினரே சமரசம் பேசச் சொல்லிக் கெஞ்சுவார். மறுபுறம், மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு குழந்தையைச் சேர்த்து, அதனால் அந்தக் குழந்தை இல்லத்துக்குப் போகாமல் பாட்டியோடு இருப்பதைப் பார்ப்பதும் இதே வேலைதான். 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தின் 2,000 ரூபாய் உதவி வந்த பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தேடிப் போகும் வேலை இன்னும் கூடியிருக்கிறது.

எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்த கையோடு வருபவர் நேராகப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்குக் குறி வைப்பது இயல்பு. தகுதி இருந்தால் போடுங்கள். ஆனால் களத்தில் ஒன்றிரண்டு வருடம் அலையாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இல்லங்கள்

குழந்தைகளோடு இருப்பது, குழந்தைகளுக்காக அலைவது என்ற இரண்டும் ஓரளவு கலக்கும் இடம் குழந்தைகள் இல்லம். அதனால்தான் இங்கே நல்ல வேலையும் இருக்கிறது, மோசமான வேலையும் இருக்கிறது.

மிஷன் வாத்சல்யா கணக்கில் இல்லக் கண்காணிப்பாளருக்கு 33,100, ஆற்றுப்படுத்துநருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் 23,170, இல்ல அன்னைக்கு 14,564. இது அரசு நிதி வரும் இல்லங்களுக்கான அளவு. சொந்த நிதியில் ஓடும் இல்லங்கள் தங்கள் வசதிக்கு ஏற்பக் கொடுக்கின்றன. அரசு இல்லங்களில் வருகைக்கு 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் பகுதி நேர ஆற்றுப்படுத்துநர்களையும் எடுக்கிறார்கள். உளவியல் படித்துவிட்டுத் தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அது பொருந்தும், அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

இல்ல அன்னை வேலைக்குத் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு என்பதால், கையில் வரும் 14,000 ரூபாயும் அப்படியே மிஞ்சும். தனியாக வாழும், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட, அல்லது வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பத்திரமான வேலை குறைவு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கனவு கண்டு அலறும் பிள்ளையை எழுந்து போய்த் தட்டிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். “நம்ம குடும்பம் மாதிரிதான், லீவெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று பதில் வந்தால், வார விடுமுறை கிடையாது என்று புரிந்துகொள்ளலாம்.

வேலைக்குச் சேரும் முன் ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்: இளைஞர் நீதிச் சட்டம் 41-வது பிரிவின்படியான பதிவுச் சான்றிதழ். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது அது. பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ‘கண்காணிப்பாளர்’ என்று உங்களுக்குப் பதவி கொடுத்து உட்கார வைத்திருந்தால் அந்தப் பொறுப்பாளர் நீங்களாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். நல்ல இல்லம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தோஷப்படும். முகம் சுளித்தால் அங்கே சேர வேண்டாம்.

இல்லங்களுக்கான சட்டங்கள் கடுமையானவை, அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. ஒழுக்கம் கற்பிக்கிறேன் என்று ஒரு தட்டுத் தட்டினாலும் அது உடல் தண்டனை. முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி நடந்தால் மூன்று மாதம் வரை சிறை. முதல் முறையிலேயே வேலையும் போகலாம். கொடுமை என்று நிரூபணமானால் இல்ல ஊழியருக்கு ஐந்து வருடம் வரை கடுங்காவல். பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதுகூட 74-வது பிரிவில் மாட்டும், ஏனென்றால் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் காவல்துறைக்கோ சிறப்பு இளஞ்சிறார் பிரிவுக்கோ சொல்லாமல் இருந்தால் போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொன்னாலும் நீங்கள் தப்ப முடியாது. இந்தக் கடைசி விதி இல்லத்துக்கு மட்டுமல்ல, பிளே ஸ்கூலுக்கும் அங்கன்வாடிக்கும் ஒன்றுதான்.

தொண்டு நிறுவனம்

டான் பாஸ்கோ அன்பு இல்லங்கள் ரயில் நிலையத்துச் சிறார்களோடும், சென்னையில் கருணாலயா தெருவோரக் குழந்தைகளோடும், துளிர் பாலியல் வன்முறைத் தடுப்பிலும் பல வருடம் வேலை செய்திருக்கின்றன. வேலை கற்றுக்கொள்ள இம்மாதிரி இடங்களை விட்டால் வேறு பள்ளிக்கூடம் இல்லை. அரசு அலகில் வருடக்கணக்கில் தெரியாதது, ஒரு நல்ல நிறுவனத்தின் வாராந்திர வழக்குக் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

சம்பளம் திட்டத்தைப் பொறுத்தது. மூன்று வருடத் திட்டம் என்றால் மூன்றாவது வருடக் கடைசியில் உங்கள் வேலையும் முடியலாம். வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-ல் திருத்தி, நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஆக்கிய பிறகு, அலுவலகப் பதவிகள் பல நிறுவனங்களில் சுருங்கிவிட்டன. சேரும்போது யாருடைய நிதி, எந்த மாதம் வரை என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சேவை மனப்பான்மை இல்லையோ என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

எம்.எஸ்.டபிள்யூ. இன்னும் படிக்கவில்லை, படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ஒரு வருடம் புறத்தொடர்புப் பணியிலோ தொண்டு நிறுவனக் களத்திலோ இருந்துவிட்டுப் போய்ப் படியுங்கள். 1952-ல் தொடங்கிய, எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் ஆகட்டும், மதுரை, திருச்சி, காந்திகிராமம் ஆகட்டும், வகுப்பில் களம் தெரிந்த மாணவரின் நிலையே வேறு. முழுநேரம் படிக்க முடியாதவருக்கு இக்னோவின் தொலைதூர எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. மாவட்ட அலகு அறிவிப்புகளில் பட்டத்தைத்தான் கேட்கிறார்கள்.

டிஎன்பிஎஸ்சி வழி

குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவி டிஎன்பிஎஸ்சி மூலம் வருகிறது, பெண்களுக்கு மட்டும். மனையியல், சத்துணவு போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு இதுதான் இந்தத் துறையில் முழுமையான அரசுப் பதவி. ஆனால் இடங்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். இதற்கென்று மட்டும் வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே முயலுங்கள்.

பிறகு வரும் ஒரு வாய்ப்பு

இதை வேலை என்று சொல்ல முடியாது, ஆனாலும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள். குழந்தைகள் சார்ந்த கல்வி, சுகாதாரம், நலப்பணிகளில் ஏழு வருட அனுபவம் இருந்து, 35 வயது தாண்டியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நலக் குழுவுக்குச் சமூகப்பணி, உளவியல், சட்டம் போன்ற பாடங்களில் பட்டமும் வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று வருடம் வரை நியமனம். மாதச் சம்பளம் கிடையாது, அமர்வுக்குப் படி மட்டும். நலக் குழு மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும் என்பதால் அந்தப் படியே ஒரு வருமானமாகத் தேறும். மேலே சொன்ன பதினைந்து நாள் விசாரணை அறிக்கைகள் எல்லாம் கடைசியில் வந்து சேர்வது இவர்கள் மேஜைக்குத்தான். களத்தில் அலைந்தவர் அந்த நாற்காலியில் இருந்தால், அறிக்கையில் எழுதாமல் விட்டது என்ன என்று கேட்கத் தெரியும்.

அந்த ஏழு வருடத்தை நிரூபிக்கக் காகிதம் கேட்பார்கள். திட்டம் முடிந்ததும் கலைந்துபோகும் நிறுவனங்கள் இந்தத் துறையில் ஏராளம். ஐந்து வருடம் கழித்துத் தேடிப்போனால் அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கும். அதனால் எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதத்தைச் சேரும் அன்றே வாங்குங்கள். விலகும்போது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை, கையாண்ட குழந்தைகளின் வயதுப் பிரிவு எல்லாம் எழுதிய அனுபவச் சான்றிதழை லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.